விஸ்காம், மாஸ்காம், இதழியல்: பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் ஊடகப் படிப்பு

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் செட்டிநாட்டின் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி வட்டாரக் குடும்பங்களில் ஒரு குழப்பம் ஆண்டுதோறும் எழுகிறது. பொறியியலும் வணிகவியலும் என்னவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஐந்தொகை எழுதியும், பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தியும் வளர்ந்த ஊர்களில் வணிகவியல் பட்டத்துக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. பிள்ளை 'விஸ்காம் சேரப்போகிறேன்' என்று சொல்லும்போதுதான் 'அது சினிமாப் படிப்பா, பத்திரிகைப் படிப்பா, போட்டோ எடுக்கிற படிப்பா?' என்ற கேள்வி வருகிறது. கல்லூரிகளின் விளம்பரங்கள் இக்கேள்விக்கு விடை தருவதற்குப் பதிலாக, காட்சித் தொடர்பியல், மக்கள் தொடர்பியல், இதழியல், மின்னணு ஊடகம், எண்ணிம ஊடகம், அனிமேஷன் என்று பெயர்களை அடுக்கி மயக்கத்தைக் கூட்டுகின்றன.

இக்கட்டுரை அந்தப் பெயர்களை முதலில் பிரித்துக் காட்டி, பிறகு இந்தத் துறை உண்மையில் எதை ஆராய்கிறது, மூன்று ஆண்டுகளில் என்ன கற்பிக்கப்படுகிறது, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்ற வரிசையில் செல்கிறது. கேமராவைக் கற்றுக்கொள்வதே ஊடகப் படிப்பு என்ற எண்ணம்தான் இதில் மிகப் பெரிய தவறு என்பதும், அந்தத் தவறைப் பெற்றோர், மாணவர் ஆகியோரோடு சில கல்லூரிகளும் சேர்ந்தே செய்கின்றன என்பதும் இதன் அடிப்படைக் கருத்து.

பெயர்களும் பொருள்களும்

1. தொடர்பியல்: மனிதர்கள் ஒருவருக்கொருவர் பொருளை எப்படி உணர்த்துகிறார்கள் என்பதை ஆராயும் பொதுத்துறை. இருவர் பேசிக்கொள்வதும், ஊர்க்கூட்டத்தில் ஒருவர் எழுந்து பேசுவதும், கோடிப்பேர் ஒரே நேரத்தில் தொலைக்காட்சி பார்ப்பதும் இதற்குள் அடங்கும்.

2. மக்கள் தொடர்பியல்: அச்சு, வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம், இணையம் வழியாகப் பெருந்திரளான மக்களை அடையும் தொடர்பை ஆராய்வது. பேச்சுவழக்கில் 'மாஸ்காம்' எனப்படுவது இதுவே.

3. இதழியல்: மக்கள் தொடர்பியலின் ஒரு பகுதி, செய்தியைத் திரட்டி, சரிபார்த்து, எழுதி, தொகுத்து வெளியிடும் தொழிலைக் கற்பிப்பது.

4. காட்சித் தொடர்பியல்: ஓவியம், வரைகலை, ஒளிப்படம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, விளம்பரம் ஆகியவற்றின் வழியாகப் பொருளை உணர்த்துவது. பல கல்லூரிகளில் பி.எஸ்சி. பட்டமாக வழங்கப்படும் 'விஸ்காம்' இதுதான். இதழியல் பெரும்பாலும் பி.ஏ. பட்டமாக இருக்கிறது. பி.எஸ்சி. என்ற எழுத்துகளைப் பார்த்து அறிவியல் பிரிவில் படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று ஒதுங்க வேண்டியதில்லை; பெரும்பாலான கல்லூரிகள் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரையும் சேர்த்துக்கொள்கின்றன.

5. மின்னணு ஊடகம், எண்ணிம ஊடகம், அனிமேஷன்: மேற்சொன்னவற்றின் கிளைகள்.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நம் சொற்களிலேயே இருக்கிறது. 'மக்கள் தொடர்பியல்' என்பது ஒரு கல்வித்துறை. 'மக்கள் தொடர்பு' என்பதோ ஒரு நிறுவனமோ அரசோ தன்னைப் பற்றிய நல்லெண்ணத்தைப் பேணச் செய்யும் பணி. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் 'செய்தி மக்கள் தொடர்பு அலுவலர்' இரண்டாவதைச் செய்பவர். 'இயல்' என்ற ஒரு சொல் கூடிக் குறைவதால் இருவேறு தொழில்கள் ஒன்றாகத் தெரிகின்றன. 'செய்தி' என்ற சொல்லிலும் இதே சிக்கல் இருக்கிறது. தொடர்பியல் பாடநூலில் 'செய்தி' என்றால் அனுப்புநர் பெறுநருக்கு உணர்த்தும் எதுவும். பத்திரிகை அலுவலகத்தில் 'செய்தி' என்றால் சரிபார்க்கப்பட்ட புதிய தகவல். முதல் பருவத்தில் இவ்விரு பொருளையும் பிரித்தறியாத மாணவர், ஒரு சோப்பு விளம்பரத்தையும் ஒரு விபத்துத் தகவலையும் ஒரே அளவுகோலால் அளக்கப் பழகிவிடுகிறார். அந்தப் பழக்கம் பிறகு எளிதில் போவதில்லை.

இத்துறை ஆராயும் கேள்விகள்

அமெரிக்க அறிஞர் ஹெரால்டு லாஸ்வெல் 1948இல் வகுத்த ஐந்து கேள்விகளிலிருந்தே பெரும்பாலான வகுப்புகள் தொடங்குகின்றன: யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார்? எளிமையாகத் தோன்றும் இந்த ஐந்தும் ஐந்து ஆய்வுப் பிரிவுகளாக வளர்ந்தன. 'யார்' என்பது ஊடக நிறுவனங்களின் உடைமையையும் அதிகாரத்தையும், 'என்ன' என்பது உள்ளடக்கத்தையும், 'எந்த வழியில்' என்பது தொழில்நுட்பத்தையும், 'யாருக்கு' என்பது மக்களையும், 'என்ன விளைவோடு' என்பது தாக்கத்தையும் ஆராயும் பகுதிகளாயின. கேமரா வருவது மூன்றாவது கேள்வியில் மட்டும்தான். அதிலும் அது பல கருவிகளில் ஒன்று.

கோட்பாடுகள் என்றவுடன் மனப்பாடப் பகுதி என்று ஒதுக்கும் வழக்கம் மாணவரிடையே இருக்கிறது. அவை எவ்வளவு அண்டையில் இருக்கின்றன என்பதை நம் ஊர் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு பார்க்கலாம்.

வாயிற்காவல். தை மாதத்தில் சிராவயலில் மஞ்சுவிரட்டு நடக்கிறது. களத்தில் நின்ற நிருபர் இருபது தகவல்களை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதுரைப் பதிப்பில் இருக்கும் துணை ஆசிரியர் அதில் ஆறை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குகிறார். சிவகங்கை மாவட்டப் பக்கத்தில் அந்த ஆறும் வருகின்றன. சென்னைப் பதிப்பில் ஒரு படமும் இரண்டு வரியும் வருகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் வாயிலில் நின்று, எதை உள்ளே விடுவது என்று முடிவு செய்கிறார். டேவிட் மேனிங் ஒயிட் 1950இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கச் சிறுநகர் நாளிதழ் ஒன்றின் செய்தித் தொகுப்பாளர் ஒரு வாரத்தில் தம்மிடம் வந்த செய்தி நிறுவனச் செய்திகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை விலக்கியதையும், அதற்கு அவர் குறித்துவைத்த காரணங்களில் பல அவருடைய சொந்த விருப்பு வெறுப்புகளாக இருந்ததையும் காட்டினார். காளைகள் எத்தனை, காயம் பட்டவர் எத்தனை பேர் என்பது நிலைத்து, தொழுவுக்கு வரும் காளைகளை ஆண்டு முழுதும் வளர்ப்பவர்களின் செலவு ஏன் ஒருபோதும் செய்தியாவதில்லை என்று கேட்கும் மாணவர், இந்தக் கோட்பாட்டைப் புரிந்துகொண்டுவிட்டார்.

நிகழ்ச்சி நிரலமைத்தல். மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்டு ஷா ஆகிய இருவரும் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் நகரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் எவை முக்கியப் பிரச்சினைகள் என்று கேட்டனர். ஊடகங்கள் அழுத்தம் கொடுத்த வரிசையும் வாக்காளர்கள் சொன்ன வரிசையும் மிக நெருக்கமாகப் பொருந்தின. அந்த ஆய்வு 1972இல் வெளியானது. என்ன நினைக்க வேண்டும் என்பதைவிட எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதையே ஊடகம் வலுவாகத் தீர்மானிக்கிறது என்பது இதன் சாரம். சென்னையில் ஒரு நாள் பெய்யும் மழை நாள் முழுவதும் நேரலையில் இருக்க, வறட்சிக்குப் பழகிய சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய் உடைந்து வயல்கள் மூழ்குவது ஓடும் எழுத்துகளில் கடந்துபோனால், காரைக்குடிக்காரரே சென்னை மழையைப் பற்றித்தான் அன்று பேசுவார்.

இருபடி ஓட்டம். பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 1940 தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுன்டியில் செய்த ஆய்வு, ஊடகச் செய்தி நேரே மக்களிடம் சென்று மனத்தை மாற்றுவதில்லை என்றும், சுற்றத்தாரிடையே மதிப்புப் பெற்ற சிலர் அதைக் கேட்டு மற்றவர்களுக்கு விளக்குவதாலேயே தாக்கம் ஏற்படுகிறது என்றும் உணர்த்தியது. ஊர் வாட்ஸ்அப் குழுக்களை இதைவிடப் பொருத்தமாக விளக்கும் கோட்பாடு வேறில்லை. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் இருப்பவர்கள் ஒரே கோயிலைச் சேர்ந்த புள்ளிகளாக, அதாவது குடும்பங்களாக, ஒரு குழுவில் இணைந்திருக்கும்போது, ஒரு தகவல் நம்பப்படுவதும் நம்பப்படாததும் அதில் உள்ள சான்றைப் பொறுத்து அமைவதில்லை. அதை அனுப்பியவர் பெரியப்பாவா, முன்பின் தெரியாதவரா என்பதைப் பொறுத்தே அமைகிறது. பொய்த் தகவல் பரவும் வழியை அறிய விரும்புகிறவர் தொழில்நுட்பத்தைப் பார்ப்பதற்கு முன் உறவைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பொருள்கோள். ஸ்டூவர்ட் ஹால் 1973இல் முன்வைத்த கருத்து இது: ஊடகம் ஒரு பொருளைப் பொதிந்து அனுப்பினாலும், பார்ப்பவர் அதை அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்கலாம், எதிர்த்தும் படிக்கலாம். கானாடுகாத்தான் வீடுகளின் முகப்பும் வளவும் பட்டாலையும் திரைப்படங்களில் பெரும்பாலும் ஜமீன்தாரின் அரண்மனையாகவோ ஊரை அடக்கியாளும் ஒருவரின் மாளிகையாகவோ வருகின்றன. வெளியூர்ப் பார்வையாளர் அதை அப்படியே ஏற்கிறார். அந்த வீட்டில் பத்துப் பங்காளிகளுக்கு உரிமை இருக்கிறது, திருமணத்துக்கும், முன்னோர்க்குப் படையலிடும் படைப்புக்கும் மட்டும் அது திறக்கப்படுகிறது, ஆண்டுதோறும் ஓடு மாற்றும் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று அறிந்த உள்ளூர்க்காரர் அதே காட்சியை வேறாகப் படிக்கிறார். நகரங்களில் உணவகப் பலகைகளில் 'செட்டிநாடு' என்ற சொல் காரத்துக்கு மறுபெயராக மாறியதும், உள்ளூர்ச் சமையலின் மிதமான சுவையை அறிந்தவர்கள் அதை ஏற்காததும் இதே வகையைச் சேர்ந்ததே.

இப்படிப்பு வந்த வழி

இந்தியாவில் இதழியல் கல்வி 1920இல் அன்னி பெசன்ட் அடையாற்றில் நடத்திய தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, அது நீடிக்கவில்லை. 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகமும், 1947இல் சென்னைப் பல்கலைக்கழகமும் இதழியலைத் தொடங்கின. 1965இல் டில்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் அமைந்தது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி, வேளாண்மை நிகழ்ச்சிகள் ஒளிபரப்பான சோதனை, ஊடகத்தை வளர்ச்சியோடு இணைத்துப் பார்க்கும் பாடப்பகுதிக்கு வலுவான அடித்தளமாயிற்று. 1993இல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சி வந்த பிறகு ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டனர். தமிழகக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் பெருகியது அதைத் தொடர்ந்தே. கேமராவே படிப்பு என்ற எண்ணமும் அந்தக் காலத் தேவையிலிருந்து வந்ததுதான். அப்போது ஒரு கேமராவைத் தொடுவதற்கே கல்லூரி வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியில் படமெடுத்துத் தொகுக்கப் பள்ளி மாணவருக்கும் தெரியும். எனவே கருவியைத் தொட்டுப் பழகும் வாய்ப்புக்காக மட்டும் மூன்று ஆண்டுகளைச் செலவிடும் நியாயம் இன்று இல்லை.

செட்டிநாட்டுக்கு இந்தத் துறை அயலானதன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1917இல் காரைக்குடியில் தொடங்கிய இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919இல் பாரதியார் வந்தார். இன்று நாம் காணும் அவருடைய ஒளிப்படங்களில் கையில் கோலுடன் நிற்கும் படம் அந்த வருகையின்போது எடுக்கப்பட்டது. ஒரு கவிஞரின் உருவம் தலைமுறைகளின் மனத்தில் எப்படிப் பதியும் என்பதை ஒரு சிற்றூர் ஒளிப்படம் தீர்மானித்தது. 1920இல் தோன்றிய 'தன வைசிய ஊழியன்' இதழ், பிறகு 'ஊழியன்' என்ற பெயரில் ராய. சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு காரைக்குடியிலிருந்து வெளிவந்தது; புதுமைப்பித்தன் சில காலம் அதில் பணியாற்றினார். போர்க்காலத் தட்டுப்பாடுகளுக்கிடையே ஏ.வி. மெய்யப்பன் தம் படப்பிடிப்புத் தளத்தைத் தேவகோட்டை ரஸ்தாவில் அமைத்தார். 1947இல் வெளியான 'நாம் இருவர்' அங்கே உருவானது. 1948இல் அவருடைய ஏவி.எம். நிறுவனம் கோடம்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. திரைத்தொழிலுக்கு மூலதனமும் இடமும் போதாது, நடிகர், தொழில்நுட்பக் கலைஞர், பதனிடும் கூடம், விநியோகஸ்தர் எல்லாம் ஓரிடத்தில் திரண்டிருக்க வேண்டும் என்ற ஊடகப் பொருளியல் பாடத்தை விளக்க இதைவிடப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்காது.

இவற்றினும் மாணவருக்குப் பெரிதும் பயன்படக்கூடியது கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த தொகுப்பு. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர், நூல்களோடு நின்றுவிடாமல் இதழ்கள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள் என மற்றவர்கள் வீசியெறிந்த அச்சுத்தாள்களையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. அதைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. விளம்பரமும் அறிவிப்பும் நூறாண்டுகளில் எப்படி மாறின என்று ஆய்வேடு எழுத விரும்பும் மாணவருக்கு மூலச்சான்றுகளைச் சேர்த்துக் கொடுத்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர்.

மூன்று ஆண்டுகளில் நடப்பது

தமிழகப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைப் படிப்பு ஆறு பருவங்கள் கொண்டது. முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடங்களும் சார்புப் பாடங்களும், நான்காம் பகுதி திறன் வளர்ப்பு, சுற்றுச்சூழல் போன்றவை, ஐந்தாம் பகுதி விரிவாக்கப் பணி. எழுத்துத் தேர்வுத் தாள்களில் பெரும்பாலும் 25 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கும் 75 மதிப்பெண் பருவத்தேர்வுக்கும் உரியவை. மாணவர்கள் முதற்பகுதியைத் தேர்ச்சிக்காக மட்டும் படிக்கிறார்கள், இது வருத்தத்துக்குரியது. தமிழ் ஊடகத்தில் வேலைக்கு வரும் இளைஞரை முதல் வாரத்திலேயே தடுமாற வைப்பது ஒற்றுப்பிழையும், ஒருமை பன்மை மயக்கமும், நீண்ட வாக்கியத்தில் எழுவாயைத் தொலைப்பதும்தான். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் பார்க்காமல் தட்டச்சுச் செய்யப் பழகியவருக்கு, ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழுக்கு மாற்றுபவரைவிடச் செய்தி அறையில் நேரம் மிஞ்சும்.

படிப்பின் மையம் எது என்பதை ஒரு பயிற்சியைக் கொண்டு விளக்குவதே நல்லது. ஒரு கிராமத்தின் ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால் மறிக்கப்பட்டுவிட்டது, அதனால் ஊருணி நிரம்புவதில்லை என்று ஊரார் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இதை ஒரு மாணவர் செய்தியாக்க வேண்டும்.

1. ஊரார் சொல்வது தொடக்கத் தகவல் மட்டுமே. யார் சொன்னார், நேரில் கண்டாரா, கேட்டறிந்தாரா என்று பிரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. சர்வே எண்ணை அறிந்து, வருவாய்த் துறையின் நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்த நிலம் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊருணி, வாய்க்கால் போன்றவை புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தில் வாய்க்காலின் எல்லை தெரியும். தமிழக அரசின் இணையச் சேவையிலேயே இவ்விரண்டையும் பார்க்க முடியும்.

3. தூர்வாருவதற்குப் பணம் ஒதுக்கப்பட்டதா, எவ்வளவு செலவாயிற்று என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். விடையளிக்க 30 நாள். 'வாய்க்கால் ஏன் தூர்வாரப்படவில்லை?' என்று கேட்டால் பயன் குறைவு, ஏனெனில் ஆவணத்தில் உள்ளதைத்தான் அவர்கள் தர முடியும். 'இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை இந்த வாய்க்காலுக்காகச் செலவிட்ட தொகை, பணி ஆணை நகல்' என்று கேட்டால் விடை வரும். கேள்வியை ஆவணத்தின் வடிவத்தில் கேட்கும் இந்தப் பயிற்சி ஒரு முழுப் பருவத்துக்குரியது.

4. மறித்ததாகச் சொல்லப்படுபவரிடம் பேச வேண்டும். அவர் பழைய பத்திரம் ஒன்றைக் காட்டலாம். அது செய்தியின் திசையையே மாற்றலாம்.

5. இவ்வளவும் ஆன பிறகே கேமரா வருகிறது. வறண்ட ஊருணியை மட்டும் படமெடுத்தால் அது பரிதாபத்தைக் காட்டும். மறிக்கப்பட்ட இடத்தையும் புலப்படத்தில் அதே இடத்தையும் அடுத்தடுத்துக் காட்டினால் பார்ப்பவர் சான்றைத் தாமே காண்கிறார்.

ஐந்தாவது படியை மட்டும் கற்பிக்கும் கல்லூரியின் மாணவர், மென்பொருள் மாறும்போதெல்லாம் புதிதாகக் கற்க வேண்டியவராகிறார். படத்தையும் குரலையும் எழுத்தையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே உருவாக்கித் தரும் இந்நாளில், முதல் நான்கு படிகளின் மதிப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது. அந்தக் கருவிகள் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று பேசுவதில்லை.

மாணவர் அறிய வேண்டிய சட்டம்

பல பாடத்திட்டங்களில் ஊடகச் சட்டம் ஒரே ஒரு தாளாக, பெரும்பாலும் பிற்பகுதிப் பருவங்களில் வருகிறது. அதை முதலாண்டிலேயே அறிந்திருப்பது பாதுகாப்பு. அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. பத்திரிகைச் சுதந்திரமும் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது, தனியாகச் சொல்லப்படவில்லை. 19(2) அதற்குரிய நியாயமான கட்டுப்பாடுகளைச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால், அவதூறு பற்றிய பிரிவு 356 என்றும், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்னும் பிரிவு 72 என்றும் எண் மாறியுள்ளன. பழைய பாடநூல்களில் பழைய எண்களே இருக்கும். பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேர்கிறது. ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும்கூட அடையாளமாகிவிடும், சிற்றூர்களில் குறிப்பாக. 1867ஆம் ஆண்டின் அச்சகம், புத்தகப் பதிவுச் சட்டத்துக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

வழக்குகளில் ஒன்றையேனும் தீர்ப்போடு படிப்பது நல்லது. 1994இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பு, ஒருவருடைய அந்தரங்க உரிமைக்கும் பத்திரிகையின் வெளியிடும் உரிமைக்கும் எல்லை வகுத்தது. பொது ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டு வெளியிடுவதற்கு அது இடமளித்தது. மேற்சொன்ன ஊருணிச் செய்தியில் அ-பதிவேட்டைத் தேடிச் செல்ல வேண்டியதன் சட்ட நியாயமும் இதுவே.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

செட்டிநாடு ஒரே நிலப்பகுதியாக இருந்தாலும் நிர்வாகத்தில் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. இதன் விளைவை மாணவர் கவனிப்பதில்லை. சிவகங்கை மாவட்டக் கல்லூரிகள் 1985இல் காரைக்குடியில் நிறுவப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழும், புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரிகள் திருச்சியின் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழும் வருகின்றன. மதுரைக்குச் சென்றால் காமராசர் பல்கலைக்கழகம். பட்டத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பாடத்திட்டம் வேறு. தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டத்தை அக்கல்லூரியே வகுக்கிறது. ஆகவே 'விஸ்காம் இருக்கிறதா?' என்ற கேள்வியோடு நிற்காமல், பாடத்திட்டத்தின் முழு நகலை வாங்கி ஆறு பருவத்தின் தாள்களையும் பார்க்க வேண்டும். பார்க்கும்போது கேட்க வேண்டியவை சில:

1. செய்தி எழுதுதல், ஆய்வுமுறை, ஊடகச் சட்டம் மூன்றும் தனித்தாள்களாக உள்ளனவா, அல்லது மென்பொருள்களின் பெயர்களே தாள்களின் பெயர்களாக உள்ளனவா?

2. மாணவர் நடத்தும் இதழோ ஆய்வக நாளிதழோ உண்டா? கடந்த ஆண்டின் இதழ்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்தால் அதுவே போதிய சான்று.

3. கேமராக்கள் எத்தனை என்று கேட்பதைவிட, ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கையில் கிடைக்கும், வெளியே எடுத்துச் செல்ல அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

4. ஆசிரியர்களில் செய்தி அறையிலோ படப்பிடிப்பிலோ பணியாற்றியவர் ஒருவரேனும் இருக்கிறாரா?

5. உள்ளிருப்புப் பயிற்சிக்கு மாணவரே இடம் தேட வேண்டுமா, கல்லூரி ஏற்பாடு செய்கிறதா?

உள்ளூர்க் கல்லூரியில் படிப்பது குறைவு என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. சென்னையில் படிப்பவருக்கு நிறுவனங்களின் அருகாமை கிடைக்கிறது. பயிற்சிக்கு அது பெரிய வாய்ப்பு. ஆனால் அங்கே ஆயிரம் மாணவர்கள் ஒரே கடற்கரையைப் படமெடுக்கிறார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மீது நிறச் சாந்தை ஊற்றித் தளக்கல் வார்ப்பவரையும், புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை நெய்பவரையும், பூட்டிக் கிடக்கும் வீட்டின் தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைக்குப் போவதையும் நாள்தோறும் காணும் மாணவருக்குச் செய்திப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. அவருக்குக் குறைவாக இருப்பது அதைச் சரிபார்த்துச் சொல்லும் பயிற்சி. நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்தால் அந்தக் குறை காரைக்குடியிலேயே தீரும்.

வேலையும் மேற்படிப்பும்

நாளிதழ், தொலைக்காட்சி, இணைய ஊடகம் ஆகியவற்றில் நிருபர், துணை ஆசிரியர், படத்தொகுப்பாளர், நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஆகியவை நேரடிப் பணிகள். மாவட்ட அளவில் நிருபர்கள் பலர் பகுதி நேரமாகவோ செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கிலோ பணியாற்றுகிறார்கள். விளம்பரம் சேர்த்துத் தருவதும் அவர்கள் பொறுப்பாகிவிடும் இடங்கள் உண்டு. செய்தி சேகரிப்பவரே விளம்பரமும் கேட்கும்போது அவர் யாரைக் கேள்வி கேட்க முடியும் என்ற சிக்கல் எழுகிறது. வேலையில் சேருமுன் சம்பள முறையைத் தெளிவாகக் கேட்டு எழுத்தில் பெற வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். விளம்பர நிறுவனம், மருத்துவமனை, தொண்டு நிறுவனம், சுற்றுலா விடுதி ஆகியவற்றின் மக்கள் தொடர்புப் பணிகளும், மொழிபெயர்ப்பு, வசன வரி எழுதுதல் போன்றவையும் இப்பட்டத்துக்குப் பொருந்தும்.

கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் முதுகலை முடித்து, பல்கலைக்கழக மானியக் குழுவுக்காக நடத்தப்படும் தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் 'மக்கள் தொடர்பியலும் இதழியலும்' என்ற பாடத்தை எழுதலாம். அதன் பாட எண் 63. கோட்பாடுகளை முதலாண்டில் ஒதுக்கியவர்கள் இந்தத் தேர்வுக்காக அவற்றை மீண்டும் முதலிலிருந்து படிக்கிறார்கள்.

பதினேழு வயதில் இதை முடிவு செய்யத் தயங்கும் மாணவருக்கும் வழி அடைபடவில்லை. இதழியல், தொடர்பியல் முதுகலைப் படிப்புகள் பலவற்றில் எந்த இளங்கலைப் பட்டம் பெற்றவரும் சேரலாம். தமிழோ, வரலாறோ, பொருளியலோ, வேளாண்மையோ மூன்று நான்கு ஆண்டுகள் ஆழமாகப் படித்துவிட்டு முதுகலையில் ஊடகத்துக்கு வருபவர், எதைப் பற்றி எழுதுவது என்ற அறிவோடு வருகிறார். வீட்டில் வணிகவியல்தான் வேண்டும் என்று வற்புறுத்தினால் அதைப் படிப்பதும் இழப்பாகாது. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய நிருபர்கள் இன்று மிகச் சிலரே.